கண்டிச்சீமை வழியில் குழந்தைகள்

ஒரு நாட்டின் பெருவழிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வழிகளிற் சென்ற படைகளைப் பற்றியும் வணிகரைப் பற்றியும் யாத்திரிகரைப் பற்றியும் எழுதுவர். தாயின் இடுப்பிலும் தந்தையின் தோளிலும் ஏறி அவ்வழிகளைக் கடந்த குழந்தைகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். குழந்தைகள் கடிதம் எழுதுவதில்லை, நாட்குறிப்பு வைப்பதில்லை, அரசாங்கப் பதிவேடுகளில் ஒப்பமிடுவதுமில்லை. எனினும், ஒரு கூட்டம் ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தது, எங்கே தங்கியது, எத்தனை முறை தண்ணீருக்காக நின்றது, சென்ற இடத்தில் நிலைத்ததா, மீண்டதா என்பவற்றைத் தீர்மானிப்பதிற் குழந்தைகளுக்குள்ள பங்கு பெரிது. இலங்கையின் மலைநாட்டுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பார் கோப்பித் தோட்டமொன்றைத் தொடக்கினார். அக்காலத் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் தாமும் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1840களிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் விரைந்து பெருகின. அவற்றுக்கு வேண்டிய ஆட்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய இடங்களிலிருந்து வந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளும், நிலமின்மையும், கடன் சுமையும், சாதிக் கொடுமையும் அவர்களை ஊரினின்றும் பெயர்த்தன. தாம் சென்ற நாட்டை அவர்கள் கண்டிச்சீமை என்று அழைத்தனர்.

கண்டிச்சீமைக்குச் செல்லும் பயணம் மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, ஊரிலிருந்து கடற்கரை வரையுள்ள நடை. திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஊரவருக்கு இதுவே பல நாள் வழியாகும். இரண்டாவது, பாம்பன், தொண்டி முதலிய துறைகளிலிருந்து பாய்மரத் தோணிகளிற் கடலைக் கடந்து மன்னார்க் கரையை அடைதல். மூன்றாவதே யாவற்றிலும் கொடியது. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களின் வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரம் அவர்கள் நடந்தே சென்றனர். இப்பாதையை ஆங்கிலேயர் வடவீதி என்றனர். வீதி என்ற பெயர் இருந்ததேயன்றி, தொடக்க காலத்தில் அது பெரும்பாலும் காட்டினூடே சென்ற ஒற்றையடிப் பாதையாகவே இருந்தது. குடியிருப்புகள் அருகியிருந்தன, யானைகள் உலவின, கோடையிற் குளங்களும் கிணறுகளும் வற்றின, மாரியில் அருவியாறு பெருகி வழியை மறித்தது.

கோப்பிக் காலத்தில் இவ்வழியால் வந்தவருள் மிகப் பெரும்பாலானோர் ஆடவர். 1840களின் பதிவுகளை நோக்குமிடத்துப் பெண்களும் பிள்ளைகளும் நூற்றுக்குச் சிலராகவே காணப்படுகின்றனர். காரணம் எளிது. கோப்பித் தோட்டத்துக்கு மிகுதியான ஆட்கள் வேண்டியது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு மட்டுமே. அம்மாதங்கள் கழிந்ததும் ஆடவர் தம் ஊரில் நெல்லறுக்கும் காலத்துக்குத் திரும்பிச் செல்லலாம். எனவே, தோட்டத் துரையின் கணக்கும் கங்காணியின் கணக்கும் திடமுள்ள ஆடவனின் கால்களை அளவாகக் கொண்டே போடப்பட்டன. வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கைக்குழந்தைக்குத் தலைக்காசு இல்லை. வழியில் அதற்கான அரிசியும் தோணிக் கூலியும் பெற்றோரின் கடனிலேயே ஏறின.

ஆயினும், அத்தொடக்க காலத்திலேயே சில குடும்பங்கள் குழந்தைகளோடு புறப்பட்டன. அவற்றுட் பல, ஊரிற் குழந்தைகளை ஒப்படைத்துச் செல்வதற்கு உற்றார் எவருமில்லாதவை. அல்லது பஞ்சத்தில் வீட்டையே இழந்தவை. அவர்கள் எதிர்கொண்ட இடர்களை விளங்கிக்கொள்வதற்குக் குழந்தைகளை வயது பற்றிப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

பால்குடிக்கும் குழந்தையைக் கொண்டு செல்வதே யாவற்றினும் கடினம் என்று தோன்றலாம். ஆனால், நெடுவழியில் அக்குழந்தைக்கு ஒரு காப்பு உண்டு. அதன் உணவு தாயின் மார்பிலே இருக்கின்றது. அதற்குக் குட்டை நீரை அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. தாய் உண்ணும் வரை, நீர் அருந்தும் வரை, குழந்தைக்கும் உணவுண்டு. தாய்க்குக் காய்ச்சல் கண்டால், அன்றி நாளெல்லாம் நீரின்றி நடந்து அவள் சோர்ந்தால், அக்காப்பு நீங்கிவிடும். அப்போது ஒருவருக்கு வந்த நோய் இருவரைத் தாக்கியது.

பால் மறந்து கஞ்சிக்கு வந்த குழந்தையின் நிலை இன்னும் இடர் மிக்கது. கஞ்சி காய்ச்ச அடுப்பும் விறகும் நேரமும் வேண்டும். கூட்டம் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் அடுத்த தங்குமிடத்தை அடைய விரையும்போது, ஒரு பிள்ளையின் கஞ்சிக்காக எல்லாரும் காத்திருத்தல் அரிது. முதல் நாட் சோற்றில் நீரூற்றி எடுத்துச் செல்வதே வழக்கமான வழி; அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதிலேயே குழந்தையின் உயிர் தங்கியிருந்தது.

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையோ தூக்குவதற்குப் பாரம், நடப்பதற்குச் சிறிது. ஒரு மைல் நடக்கும், அடுத்த மைலில் அழும். தலையில் அரிசி மூட்டையும், கையிற் செம்பும் சட்டியும், இடுப்பில் இளைய குழந்தையுமாகச் செல்லும் தாய் அதனை எங்ஙனம் ஏற்றுவாள்? தந்தை தோளில் ஏற்றினால் அவன் சுமந்த மூட்டையை வேறொருவர் சுமக்க வேண்டும். திடமுள்ள ஆடவர் நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடக்கக்கூடிய வழியில், இத்தகைய குடும்பம் அதன் பாதியைக் கடந்தாலே பெரிது. பாதி தூரம் நடப்பதாயின் நாட்கள் இருமடங்காகும். நாட்கள் இருமடங்கானால் அரிசியும் இருமடங்கு வேண்டும். காட்டில் தங்கும் இரவுகளும் இருமடங்காகும். பிள்ளைக்காகப் பின்தங்கிய குடும்பம் கூட்டத்தின் துணையை இழந்து தனித்துவிடும் அபாயமும் இருந்தது.

இந்தக் காட்டு இரவுகளே பல உயிர்களைக் கொண்டன. மன்னார், வன்னி, அநுராதபுரம் ஆகிய பகுதிகள் மலேரியாக் காய்ச்சல் மலிந்த நிலங்கள். காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு இரவிலே கடிப்பது என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே மலேரியா மிக விரைவிற் கொல்லும் என்பது இன்று மருத்துவம் கண்ட உண்மை. இதனோடு வாந்திபேதியும் பெரியம்மையும் சேர்ந்தன. வாந்திபேதி கண்ட ஆடவன் ஓரிரு நாள் போராடக்கூடும். உடம்பில் நீர் குறைவாகவுள்ள குழந்தையோ சில மணி நேரத்திலே வாடிவிடும். ஒரே கிணற்றில் நூற்றுக்கணக்கானோர் நீர் மொண்ட வழியில் இந்நோய் கூட்டத்திலிருந்து கூட்டத்துக்குத் தாவிச் சென்றது.

1840களில் இவ்வழியிலும் தோட்டங்களிலும் மாண்டோரின் தொகை பற்றிக் கொழும்புப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. பல்லாயிரவர் இறந்தனர் என்று அவை கூற, அத்தொகை மிகை என்று அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றோர் மறுத்தனர். இரு சாராரும் பேசியது ஆட்களின் தொகையைப் பற்றியே. குழந்தைகளின் இறப்பு அவ்வாதத்தில் இடம்பெற்றது அரிது. பிறப்புப் பதிவில்லாத ஒரு குழந்தை பாதையோரத்தில் இறந்தால், அதன் இறப்பை எழுதும் ஏடு எது? தாய் ஒருத்தி இறந்து குழந்தை மிஞ்சிய இடத்தில் அதனை ஏற்றுக்கொண்டவர்கள் உடன் வந்த உறவினரும் ஊரவருமே. கங்காணியின் கூட்டம் பெரும்பாலும் ஓர் ஊரவரையும் ஓர் உறவினரையும் கொண்டதாக இருந்தது. கடனால் ஆட்களைக் கட்டிவைத்த அதே கங்காணி முறை, வழியில் அநாதையான பிள்ளைக்கு ஒரு சித்தியையோ மாமனையோ காட்டிக் கொடுத்தது என்பதையும் நடுநிலையாளர் மறுத்தல் இயலாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இப்பாதையில் மாறுதல்கள் சில உண்டாயின. தங்குவதற்குக் கொட்டகைகள் போடப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன, நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியசாலைகளும் ஏற்பட்டன. 1872ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவை பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. வழியெல்லாம் வணங்கி வந்தவர்கள் மாத்தளையை அடைந்ததும் மாரியம்மனை வணங்கினர். அம்மை நோயின் தெய்வமாகிய மாரி, அந்நெடுவழி முடியுமிடத்திலே முத்துமாரியம்மனாகக் கோயில் கொண்டிருப்பது தற்செயலென்று தள்ளத்தக்கதன்று. உயிரோடு வந்து சேர்ந்த பிள்ளையை அவள் திருமுன் கிடத்திய தாயர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் கூறாது.

மாத்தளையோடு இடர் ஒழிந்ததுமில்லை. அங்கிருந்து மலையேற வேண்டும். வெப்பமான சமவெளியிற் பிறந்து, ஒற்றைத் துணியன்றி வேறறியாத பிள்ளைகள் மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்துக் குளிரையும் ஓயாத மழையையும் முதன்முறையாகச் சந்தித்தனர். வழியிற் காய்ச்சலுக்குத் தப்பிய குழந்தை தோட்டத்து லயத்திற் சளிக்காய்ச்சலுக்குப் பலியாதலும் உண்டு.

1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது கோப்பித் தோட்டங்களை ஏறக்குறைய முற்றாக அழித்துவிட்டது. அதற்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதனோடு குழந்தைகளின் பயணமும் மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் பறிக்க வேண்டுவது. எனவே, வந்து போகும் ஆடவரிலும் பார்க்கத் தோட்டத்திலே தங்கி வாழும் குடும்பங்களே தோட்டத் துரைமாருக்கு வேண்டியவராயினர். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வருவதாயிற் குழந்தைகளும் வருவர். முன்னர் பாரமெனக் கருதப்பட்ட குழந்தை, இப்போது நாளைய தொழிலாளி எனக் கருதப்பட்டது. 1927ஆம் ஆண்டின் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டமை இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். வழியிற் கணக்கில் வராத பிள்ளை, வேலையிற் கணக்கில் வந்துவிட்டது.

வழியும் மாறியது. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1880இல் மாத்தளையை அடைந்தது. நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய் பற்றிய அச்சம் எழுந்தபோது மன்னார்ப் பாதை மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலிற் கொழும்புக்கு வரும் வழியே தொழிலாளருக்கு விடப்பட்டது. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து கொழும்பு வரை புகையிரதமும் கப்பலும் இணைந்தன. முன்னர் வாரக்கணக்கில் நடந்த வழி, ஓரிரவும் ஒரு பகலும் கொண்டதாகச் சுருங்கியது. காட்டில் இரவு தங்க வேண்டிய தேவை ஒழிந்தமை குழந்தைகளைப் பொறுத்தவரை மிகப் பெரிய நன்மையாகும்.

எனினும், புதிய வழிக்குப் புதிய துன்பங்கள் இருந்தன. கப்பலேறுமுன் தொழிலாளர் மண்டபம் முகாமிற் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். அங்கே உடைகள் நீராவியில் இடப்பட்டன; அம்மைப்பால் குத்தப்பட்டது; நோய் கண்டவர் பிரிக்கப்பட்டனர். இவை உயிர்காக்கும் ஏற்பாடுகளே. ஆனால், ஊசியைக் கண்டறியாத குழந்தைக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூறினால் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவரோ என்று அஞ்சிய தாய்க்கும் அந்நாட்கள் எளியவையாக இருந்திரா. கூலிக்காரரின் பிள்ளைகள் கப்பலில் மேற்றளத்து வெயிலிலும் காற்றிலும் வந்தனர். அதே கப்பலின் மேல்வகுப்பில் வந்த துரைமாரின் பிள்ளைகளுக்கு ஆயாக்கள் இருந்தனர். ஒரே கடல், ஒரே நாள். இரு வகைக் குழந்தைப் பருவம்.

குழந்தைகள் வந்ததன் விளைவு பெரிது. தனியாக வந்த ஆடவனின் மனம் ஊரிலேயே இருந்தது. குழந்தையோடு வந்தவர்கள், அல்லது வந்த இடத்திற் குழந்தை பெற்றவர்கள், மலைநாட்டிலே வேரூன்றினர். லயத்தின் கூரையில் ஏணை கட்டினர். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிற் குழந்தையை விட்டுக் கொழுந்தெடுக்கச் சென்றனர். தோட்டத்து மண்ணிலேயே தம் குழந்தைகளைப் புதைக்கவும் செய்தனர். மலைநாட்டில் எழுந்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் இவ்வாழ்வைப் பேசுகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தொகுத்திராவிடின் அவையும் மறைந்திருக்கும்.

ஆனால், அரசியலாளர் பலர் இம்மக்களை வந்து போகும் பறவைகள் என்றே பேசினர். 1939 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பைச் சான்றாகக் கேட்டது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்தமையைக் காட்டும்படி கேட்டது. மனைவி மக்களின் வசிப்பையும் நோக்கியது. இங்கே குழந்தைகளின் பயணம் மற்றொரு வகையில் முன்வந்து நின்றது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்வதும், பேரப்பிள்ளையைப் பாட்டனுக்குக் காட்டிவருவதும் தமிழர் குடும்பங்களில் இயல்பு. அன்பினாற் செய்த அப்பயணம், நெடிதாக நீடித்துவிட்டால், ஒரு குடும்பம் இந்நாட்டுக்கு உரியதன்று என்பதற்குச் சான்றாக நின்றது. பிறப்பைப் பதியாத ஏடு, இப்போது பிறப்புச் சான்றைக் கேட்டது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த ஏறக்குறைய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியோர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு நாடுகளும் இணங்கின. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஒப்பந்தத்தின் பின் பிறந்த குழந்தைகள் ‘இயற்கைப் பெருக்கம்’ என்ற சொல்லால் அத்தொகைகளோடு சேர்க்கப்பட்டனர். அதே 1964 டிசெம்பரிற் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடியது. மலைநாட்டு நிலையங்களிற் புகையிரதமேறிய குடும்பங்கள் தலைமன்னாரை அடைந்து, ‘இராமானுஜம்’ என்ற கப்பலிற் கடலைக் கடந்து, மண்டபம் முகாமில் இறங்கின. பாட்டனார் தோளில் வந்த வழியாற் பேரன் தந்தையின் கைபற்றித் திரும்பினான். திரும்பினான் என்ற சொல்லும் பொருந்தாது. அவன் ஒருபோதும் காணாத ஊருக்கு அன்றுதான் முதன்முறையாகப் புறப்பட்டான். குளிரிற் பிறந்த குழந்தைகளுக்கு இம்முறை வெயில் இடராயிற்று. பள்ளித் தோழரையும் வளர்த்த நாயையும் விட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வாசகமும் எழுதப்படவில்லை.

1980களின் நடுப்பகுதியில் அக்கப்பற் சேவை போரினால் நின்றுபோயிற்று. இந்நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. 2023ஆம் ஆண்டின் யூலை, ஓகஸ்ட் மாதங்களில், மலையக மக்கள் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியொன்று நிகழ்ந்தது. செப்பனிட்ட வீதியும் தண்ணீரும் உணவும் மருத்துவ உதவியும் உள்ள இக்காலத்திலும், அந்நடை ஏறத்தாழ இரு வாரங்களைக் கொண்டது. இவை யாவும் இல்லாத காலத்தில், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பிள்ளையுமாக அதே தூரத்தைக் கடந்த தாயின் நடையை நேயர்கள் ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம்.

வந்து போகும் பறவைகள் என்ற கூற்றுக்கு விடை அவ்வழியிலேயே இருக்கின்றது. சில மாதம் உழைத்துத் திரும்பக் கருதுபவன் பால்குடிக் குழந்தையை 150 மைல் காட்டினூடே சுமந்து வருவதில்லை. தோட்டங்களின் வரலாற்றை ஏக்கரிலும் இறாத்தலிலும் எழுதுவோர், அத்தாய்மார் சுமந்த பாரத்தையும் அவற்றோடு சேர்த்து எழுதுவாராக. இன்று மலைநாட்டிற் பள்ளி செல்லும் பிள்ளைகள் அப்பாரத்தின் வழிவந்தவர்கள்.